முறைக்காரன் வார்த்தை

அந்த விடியற்காலையில் எங்கள் முகாமில் முந்நூற்றுச் சொச்சம் சிப்பாய்கள் இருந்தார்கள். துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. சிரிக்காதீர்கள். அந்த வாரத்தில் சிரித்த சிரிப்புக்கே நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

துப்பாக்கி இல்லாமல் இல்லை, பூட்டிக் கிடந்தது. சொந்தப் பட்டாளமே ஒருநாள் தன்மேல் திரும்பிவிடுமோ என்று மேலிடத்துக்குப் பயம். அதனால் ஆயுதக் கிடங்கின் சாவி தினமும் மாலை ஆறு மணிக்கு முகாமை விட்டு வெளியே போய்விடும். இரண்டு மைல் தள்ளி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஆளுங்கட்சி அலுவலகம். சாவியை அங்கே ஒப்படைத்துவிட்டு, காலையில் போய் வாங்கி வர வேண்டும். போய் வருகிறவன் கிடங்குக் காவலன், சார்ஜென்ட் கெமோக்கோ குலிபாலி. நான் முகாமின் சமையல்காரன், லான்சினே கெய்த்தா. எங்கள் தலைநகர் கொனாக்ரியின் கடற்கரையில் பதினோரு வருஷம் ஒரே முகாமில் குப்பை கொட்டினோம்.

கெய்த்தா குலமும் குலிபாலி குலமும் கேலி முறை உள்ளவை. ஒரு கெய்த்தாவும் ஒரு குலிபாலியும் எதிர்ப்பட்டால் திட்டிக்கொள்ளாமல் நகரக் கூடாது. பூட்டன் காலத்து ஏற்பாடு. நீ பயறு தின்னி, நீ என் அடிமை, உன் குலமே திருட்டுக் குலம் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். எதிராளி கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அவன் மனுஷனில்லை. இன்னொன்றும் உண்டு. முறைக்காரன் கைநீட்டிக் கேட்டதை மறுக்கக் கூடாது. கூடப்பிறந்தவனுக்குக்கூட இல்லை என்று சொல்லலாம், முறைக்காரனுக்குச் சொல்லக் கூடாது.

கெமோக்கோவும் நானும் அந்த முறையைக் குறைவில்லாமல் நடத்தினோம். காலையில் சாவியை ஆட்டிக்கொண்டு சமையற்கட்டுக்குள் தலையை நீட்டுவான்.

"என்னடா அடிமை, எசமானுக்குக் காப்பி ஆச்சா?"

"வாடா பயறு தின்னி. நீ வர்ற வாசம் ரயிலடியிலேயே வந்துருச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் காப்பி போட்டேன்."

அவன் மனைவி சரானும் லேசுப்பட்டவள் அல்ல. நான் அவர்கள் வீட்டுக்குப் போனால், "ஏ கெய்த்தா, செருப்பை உள்ள கொண்டு வந்துரு, உங்க ஆளுங்க யாராச்சும் வந்தா தூக்கிட்டுப் போயிருவாங்க" என்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வாய் இருந்தது, நான் இருந்தேன்.

அது நோன்பு இருபத்திரண்டு. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. நாலு பேர் உள்ளே வந்தார்கள். எங்கள் உடுப்பு, எங்கள் தொப்பி. கையில் மட்டும் ஒரு பச்சைத் துணி கட்டியிருந்தார்கள்.

"வரிசை இன்னும் ஆரம்பிக்கலடா. போய்ப் படுங்க, இல்ல அகப்பையாலேயே போடுவேன்" என்றேன். ஒருவனும் வாய் திறக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன்கள் போலிருக்கிறது, பசி தாங்கவில்லை என்று மனசு இளகி, முன்னால் நின்றவனிடம் ஒரு கோப்பைக் கஞ்சியை நீட்டினேன். அப்போதுதான் அடுப்பு வெளிச்சத்தில் அவன் தோளில் தொங்குவதைப் பார்த்தேன். துப்பாக்கி. எங்கள் ஆளாக இருந்தால் அவன் கையில் துப்பாக்கி எப்படி வரும்? அதை வைத்துத்தான் அவர்கள் அந்நியர்கள் என்று தெரிந்துகொண்டேன். மானங்கெட்ட பிழைப்பு! அதற்குள் துப்பாக்கிக் கட்டையால் என் வாயில் இடித்தான். இரண்டு பல் போயிற்று. மற்றப் பற்களும் போய், நாக்கும் கூடப் போயிருக்கலாம்.

வந்தவர்கள், பக்கத்து நாட்டைப் பிடித்து வைத்திருந்த போர்த்துகீசியர்களின் கறுப்புச் சிப்பாய்கள். அவர்களுடைய ஆட்கள் சிலர் எங்கள் முகாம் கொட்டடியில் கைதிகளாக இருந்தார்கள். மீட்டுப்போகக் கடல் வழியே சத்தமில்லாமல் வந்திருந்தார்கள். எங்கள் பையன்கள் கட்டில் காலைப் பிடுங்கிக்கொண்டும், என் விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டும் ஓடினார்கள். கெமோக்கோ கடப்பாரையால் கிடங்குக் கதவை மூன்று முறை அடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இரும்புக் கதவு அசையவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டு, பனியனோடு பின்சுவரில் ஏறிக் குதித்தான். சாவி எடுக்க.

கட்சி அலுவலகம் பூட்டியிருந்தது. சாவியை வைத்திருந்தவர் இரவுத் தொழுகைக்கு வேறு பேட்டைக்குப் போயிருந்தார். மூன்று வீடு தட்டி, அந்த மனிதரைக் கண்டுபிடித்து, இழுத்துக்கொண்டு போய்ச் சாவியை வாங்கி, கெமோக்கோ திரும்ப வாசலில் வந்து நின்றபோது பொழுது விடிந்துவிட்டது. வந்தவர்கள் தங்கள் ஆட்களோடு படகேறிப் போய்விட்டார்கள். ஒன்பது பையன்கள் முற்றத்தில் கிடந்தார்கள்.

அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கிடங்கைத் திறந்தான். திறந்த கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

"தெறந்துட்டேன் கெய்த்தா" என்றான். "இப்ப எதுக்குடா தெறந்தேன்?"

என் வாயெல்லாம் ரத்தம்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான். ஒன்பது பேரையும் அடக்கம் பண்ணிவிட்டு வந்த மாலை, முற்றத்தில் எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.  கஞ்சி ஊற்றிக்கொண்டே வந்தேன். கெமோக்கோ கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். அவன் கன்னம் இரண்டும் ஒட்டிப் போயிருந்தது. இந்தப் பயல் செத்துப்போவான் என்று எனக்குப் பயம் வந்தது. எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டேன்.

"ஏ பயறு தின்னி! என்னடா, என் கஞ்சி எறங்கலியோ? எங்களுக்குத் தெரியாதாக்கும்! போர்த்துகீசியனுக்குச் சாவியை ஒரு மூட்டைப் பயறுக்கு வித்துட்டுத்தானே அன்னிக்குச் சுவரேறிக் குதிச்ச? மூட்டை எங்கடா? முழுங்கிட்டியா?"

 கெமோக்கோ என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அவன் உதடு கோணியது.

"ஆமாண்டா அடிமை, வித்தேன். உன்னையும் சேத்துத்தான் வித்தேன். மூஞ்சியைப் பாத்துட்டு, 'இது வேணாம், நீயே வச்சுக்க'ன்னு திருப்பி அனுப்பிட்டான்."

முற்றமே சிரித்தது. அழுதுகொண்டே சிரித்தார்கள். கெமோக்கோ கோப்பையை நிமிர்த்தினான். இரண்டு கோப்பை குடித்தான். நான் பெரிய வைத்தியன் மாதிரி அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு கண்ணாடிக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உள்ளே இருந்து யார் காட்டிக்கொடுத்தது என்று விசாரிக்கக் கட்சி போட்ட கமிட்டியின் ஆள். அவருக்கும் ஒரு கோப்பை கஞ்சி கொடுத்தேன். நல்லா இருக்கு என்றார்.

பெருநாளைக்கு முந்தின நாள் கெமோக்கோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் கம்பத்து ஒலிபெருக்கியில் செய்தி வாசித்தார்கள். முகாமின் நேர்மையான உழைப்பாளி, சமையல்காரர் லான்சினே கெய்த்தா, சிப்பாய்கள் அத்தனை பேர் முன்னாலும் துரோகியை அடையாளம் காட்டினார். துரோகி அந்த இடத்திலேயே தன் வாயால் ஒப்புக்கொண்டான். தாக்குதலின்போது அவன் முகாமில் இல்லை. விடிந்தபின் கையில் சாவியோடு வந்ததற்குச் சாட்சி உண்டு.

வரிசையில் நின்ற பையன்கள் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்குச் சிரித்த அதே பையன்கள். ஒருத்தனாவது, "அது கேலிதானே" என்று சொல்லவில்லை. சொன்னால் அவன் பெயரும் நோட்டில் ஏறும். அவர்களைக் குறை சொல்லி என்ன பண்ண? நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அடுத்தவனைக் கெடுத்தேன்.

மாலையில் சரான் முகாம் வேலிக்கு வந்து நின்றாள். தலைத்துணி கட்டவில்லை.

"நீ சொன்னியா?"

"கேலிக்குச் சொன்னேன் சரான். சாப்பிட வைக்கச் சொன்னேன்."

"எனக்குத் தெரியும். எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? கொட்டுன ஆளுதான் அள்ளணும். போ. உன் வார்த்தைய நீயே போய்த் திரும்ப வாங்கிட்டு வா."

கமிட்டி அலுவலகத்தில் நாலு நாள் வெயிலில் நின்றேன். உள்ளே விடவில்லை. ஐந்தாம் நாள் வாசல் காவலாளியிடம் தலைவர் பெயர் என்ன என்று கேட்டேன். ஜிபா குலிபாலி என்றான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குலிபாலி! முறைக்காரன்! நான் கைநீட்டினால் மறுக்க முடியாதவன்! சந்தைக்கு ஓடி, ஒன்றைக் கேட்கப் போகிறவன் மரியாதைக்குக் கொடுக்கும் கோலாக்கொட்டை, அதில் வெள்ளையாகப் பார்த்துப் பத்து பொறுக்கி வாங்கி, இலையில் சுற்றிக்கொண்டு திரும்ப வந்தேன். காவலாளியிடம், "உள்ள போய், ஒரு கெய்த்தா தன்னோட அடிமையைப் பாக்க வந்திருக்கான்னு சொல்லு" என்றேன். அவன் முகம் வெளுத்தது. போனான். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனான்.

ஜிபா குலிபாலி கனத்த மனிதர். மேசை நிறையக் காகிதம். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, நல்ல குரலில் ஆரம்பித்தேன்.

"பயறு தின்னிக்கு மேசையும் நாற்காலியும் வந்துருச்சா! எந்திரிடா, எசமான் வந்திருக்கேன்!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடப்பாவி! எத்தனை நாளாச்சுடா எவனும் என்னைத் திட்டி. எல்லாப் பயலும் 'தோழர் தலைவரே, தோழர் தலைவரே'ங்கிறான். உக்காருடா அடிமை. ஏய், என் அடிமைக்குத் தண்ணி கொண்டாங்க! திருட்டுப் பய, டம்ளரை எண்ணிக் குடுங்க!"

கோலாவை நீட்டினேன். வாங்கினார். ஒன்றைப் பிளந்து பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, பாதியைத் தானும் மென்றார். மென்றுவிட்டால் பேச்சு கட்டுப்பட்டது என்று அர்த்தம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடப்பாரை, சுவர், மூன்று வீடு, ஒட்டிப்போன கன்னம், கஞ்சி.

"அது கேலின்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "நோட்டைப் படிச்சப்பவே நான் சிரிச்சேன். 'உன்னைத் திருப்பி அனுப்பிட்டான்'னான் பாரு. அசல் குலிபாலி!"

"அப்ப விட்டுரு. நான் உன் முறைக்காரன், கையேந்திக் கேக்கறேன். அவனைக் குடு."

வாயில் மிச்சமிருந்த கோலாவை மென்றபடி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"கெய்த்தா கேட்டுக் குலிபாலி மறுத்தான்னு பேரு வேணுமா எனக்கு? போ. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வீட்டுக்கு வந்துருவான். அவன் பொண்டாட்டிகிட்ட சோறாக்கச் சொல்லு."

நான் அவர் காலைத் தொட்டேன். அதுவும் கேலிதான் போலச் சிரித்து என்னை எழுப்பிவிட்டார்.

சரான் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவள் நம்பவில்லை.

"எழுதிக் குடுத்தாரா?"

"குலிபாலி கெய்த்தாவுக்கு எழுதியா குடுப்பான்? கோலா மென்னுருக்கான் சரான்! என்னோட சேந்து மென்னுருக்கான்!"

"மென்னாரா? நெசமா? எதிர்லயே?"

"இந்தா பாரு, என் வாயெல்லாம் கறை."

அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். எழுந்தபோது பழைய சரானாக இருந்தாள். "பல்லு போன வாயி, பாக்கச் சகிக்கல, போ" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் கடலைக் குழம்பும் கருவாடும் மணத்தது. முற்றத்தைப் பெருக்கி, அவன் குளிக்க வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தொழுகை முடிந்து நான் சாலை முனையில் போய் நின்றேன். வரும்போது முதலில் திட்டுவது நானாக இருக்க வேண்டும் என்று ஆசை. என்ன திட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஒலிபெருக்கி கரகரத்தது. பெயர்கள் வாசித்தார்கள். ஏழாவது பெயர், கெமோக்கோ குலிபாலி, சார்ஜென்ட். மக்களின் தீர்ப்பு இன்று விடியற்காலையில் நிறைவேற்றப்பட்டது என்று முடித்துவிட்டுப் பாட்டுப் போட்டார்கள்.

நான் கமிட்டி அலுவலகத்துக்கு ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஜிபா குலிபாலி காரில் ஏறிக்கொண்டிருந்தார். காவலாளி என்னைப் பிடித்தான். நான் கத்தினேன்.

"மென்னியே! என் கையால வாங்கி மென்னியே! கெய்த்தா கேட்டா மறுக்கக் கூடாதுன்னு சொன்னியே!"

அவர் ஒரு காலைக் காருக்குள் வைத்தபடி நின்றார். சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நமக்குள்ள பேசுனத நெசம்னா எடுத்துக்கிட்ட? முறை தெரியாதவனாடா நீ?" என்றார்.

சிரிக்காமல் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. கேலி பேசுகிறவன் சிரிக்க வேண்டும். சிரித்திருந்தால் அவர் கல்நெஞ்சுக்காரர் என்று விட்டுத் தள்ளியிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது பயம். அந்தப் பட்டியலில் ஒரு பெயரை அடித்தால் அங்கே இன்னொரு பெயர் எழுத வேண்டும், அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கார் போய்விட்டது.

சரான் வீட்டுக்கு நான் திரும்பியபோது ஒப்பாரி அடங்கியிருந்தது. உடலைத் தர மாட்டார்கள் என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே பாயில் அவனுடைய வேலைச் சட்டையை மடித்து வைத்து, தலைமாட்டில் விளக்கு ஏற்றியிருந்தாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சரானம்மா, என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"சீ, எழவெடுத்தவனே! மரியாதை குடுத்துப் பேசாத" என்றாள்.  "இது குலிபாலி செத்த வீடு. நீ கெய்த்தா. உன் வேலை என்னவோ அதைச் செய்."

குலிபாலி செத்தால் கெய்த்தாவுக்கு ஒரு வேலை உண்டு. பிணத்தை எடுக்கும்போது நிலைப்படியில் குறுக்கே படுத்து மறிக்க வேண்டும். இவன் என் அடிமை, என்னைக் கேட்காமல் எங்கே கொண்டு போகிறீர்கள், விட மாட்டேன் என்று கூத்தடிக்க வேண்டும். அழுகிறவர்களெல்லாம் சிரிக்க வேண்டும். கெய்த்தா மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் அழக் கூடாது. கடைசியில் ஏதாவது கையில் கொடுத்துச் சமாதானப்படுத்தி, அவனைத் தள்ளிவிட்டுப் பாடையைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

நான் நிலைப்படியில் குறுக்கே படுத்தேன்.

"விட மாட்டேன்" என்றேன். "இவன் என் ஆளு. என்னைக் கேக்காம எங்கடா தூக்கிட்டுப் போறீங்க? ஏ பயறு தின்னி, ஓசியில போயிரலாம்னு பாக்கிறியா? எந்திரிடா. காலையில யாருடா வந்து காப்பி கேப்பா? விட மாட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து யாரும் பாடை தூக்கிக்கொண்டு வரவில்லை. யாரும் என்னைத் தள்ளவில்லை. நான் திரும்பத் திரும்ப, விட மாட்டேன், விட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

சரான் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"போதும் கெய்த்தா, எந்திரி" என்றாள். "தூக்கிட்டுப் போறதுக்கே ஒண்ணும் இல்ல. யாரை மறிச்சுக்கிட்டுக் கெடக்க?"

குலிபாலி சாவில் கெய்த்தா அழக் கூடாது. நான் அழுதேன்.